காது கேளாதவருக்கு உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எப்படி: யாழ்ப்பாணத்தவருக்கான வழிகாட்டி

வைத்தியசாலையிலோ பிரதேச செயலகத்திலோ பொலிஸ் நிலையத்திலோ காது கேளாத ஒருவர் போய் நின்றால், மேசைக்கு அப்பால் இருப்பவர் முதலிற் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "கூட ஆர் வந்தது?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தம்பியின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவன் பிறவியிலேயே காது கேளாதவன். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, ஒரு வைத்தியசாலையில், அவனுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்போகிறார்கள் என்பதை அவனுக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. மயக்க மருந்துக்கு எனக்குச் சைகை தெரியாது. ஆகவே நித்திரை என்று காட்டினேன். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அம்மம்மா இறந்தபோது வீட்டில் நாங்கள் அவனுக்குக் காட்டியதும் அதே சைகைதான் என்பது அவன் கட்டிலை விட்டு இறங்கி ஓடிய பிறகே எனக்கு உறைத்தது.

அன்று தவறியது நான் அல்லேன். தாதியர் மீதும் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையை உரைபெயர்ப்பாளராக நிறுத்துவதில் தவறு இருக்கிறது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே குறை. உரைபெயர்ப்பு என்பது காது கேளாதவரின் குடும்பம் கையோடு கொண்டுவர வேண்டிய பொருள் அன்று. அது அலுவலகம் ஒழுங்கு செய்து தர வேண்டிய சேவை. ஆயினும் நமது மாவட்டத்தில் அச்சேவை கேளாமல் வருவதில்லை. சந்திப்பு நாளன்று வாசலில் நின்று கேட்டாலும் வருவதில்லை. நாள் இருக்கும்போதே, எழுத்து மூலம், எந்த வகையான உதவி வேண்டும் என்பதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதை எவ்வாறு செய்வது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், எந்த உதவி?

செவிப்புலன் குறைந்தவர் என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட மனிதர்கள் அடங்குகிறார்கள். சைகை மொழி உரைபெயர்ப்பாளர் எல்லாருக்கும் பயன்படமாட்டார். ஆகவே எவரிடமும் கேட்பதற்கு முன்னர் நாம் நமக்குள் தெளிவு பெற வேண்டியது இதுதான்.

சிறுவயதிலேயே காது கேளாமற் போய், கைதடியில் உள்ள நுஃபீல்ட் பாடசாலையில் அல்லது அதுபோன்ற விசேட பாடசாலையொன்றிற் படித்தவருக்குச் சைகை மொழியே முதல் மொழி. 1956 இல் தொடங்கப்பட்ட அந்தப் பாடசாலை, செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைகளைப் பல தலைமுறைகளாக வளர்த்து வந்திருக்கிறது. இத்தகையவருக்கு எழுதிக் காட்டினாற் போதும் என்று உத்தியோகத்தர்கள் பலர் நினைப்பதுண்டு. அவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி என்பதை அவர்கள் அறிவதில்லை. வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் நிறைந்த அரசாங்கப் படிவத் தமிழ், காது கேட்கிற நமக்கே இரண்டு தடவை வாசித்தால்தான் விளங்குகிறது. தம்பி கைப்பேசியில் நண்பர்களோடு தமிழில் எழுதி உரையாடுவான். ஆனால் காணி உறுதியை வாசித்து விளங்கிக்கொள்ள அவனுக்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும். இவ்விரண்டுக்கும் முரண்பாடு கிடையாது.

ஐம்பது, அறுபது வயதிற் செவிப்புலன் குறைந்தவரின் நிலை வேறு. எங்கள் மாவட்டத்தில் 2009 வரை நீடித்த போரின் ஷெல் வெடிப்புகளாற் காது பழுதடைந்த பலர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள். வெடிப்பின் அழுத்தத்தாற் கிழிந்த செவிப்பறை ஆறக்கூடும். ஆனால் உட்காதில், நத்தை வடிவான சுருளுக்குள் இருக்கும் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் மட்டும் காதுக்குள் நிலைத்துவிடும். இவர்களுக்குச் சைகை தெரியாது, தமிழை நன்றாக வாசிப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது எழுத்து: பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டுதல், அமைதியான அறை, முகத்தை நேரே காட்டிப் பேசும் ஒருவர். இப்படிப்பட்ட ஐயா ஒருவருக்குச் சைகை மொழி உரைபெயர்ப்பாளரைக் கூட்டிவந்து இருத்திவிட்டு, வசதி செய்து கொடுத்துவிட்டோம் என்று ஓர் அலுவலகம் நிம்மதி அடைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது வகையினரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இடம்பெயர்வாலோ வறுமையாலோ பாடசாலைக்கே போகாமல், வீட்டாரோடு தானாக உருவாக்கிக்கொண்ட சைகைகளால் மட்டும் வாழ்பவர் அவர். அவருடைய சைகை பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளருக்கும் முழுமையாக விளங்காது. இங்கே இருவர் வேண்டும். வீட்டுச் சைகையை ஊகித்தறியும் திறமை, தாமும் காது கேளாதவராயுள்ள ஒருவருக்கே அதிகம். அவர் விளங்கிக்கொண்டதைப் பொதுவான சைகை மொழியில் உரைபெயர்ப்பாளருக்குத் தர, அவர் அதைத் தமிழிற் சொல்வார். இதற்கு நேரம் இரட்டிப்பாகும் என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வார்தானே என்று சொல்பவர்களுக்கு நான் ஒரு சிறு சோதனையைச் சொல்வதுண்டு. கண்ணாடிக்கு முன் நின்று, ஒலி எழுப்பாமல், "பணம்" என்றும் "மணம்" என்றும் சொல்லிப் பாருங்கள். "பாடு", "மாடு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. பழகிய முகத்தில், தெரிந்த விடயத்தில், உதட்டு வாசிப்பு உதவும். வங்கி மேலாளரின் முகத்தில், புதிதாகக் கேட்கும் வட்டி விவரத்தில், அது உதவாது.

பரிசோதனையும் பத்திரங்களும்

உதவி கேட்கும் கடிதத்தோடு இணைக்க ஒரு மருத்துவச் சான்று இருந்தால் வேலை இலகுவாகும். அதற்கான வழி உங்கள் ஊர் வைத்தியசாலையிலிருந்தே தொடங்குகிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிற் காட்டி, அங்கிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் பெற்றுக்கொள்ளலாம். அங்கு செய்யப்படும் கேட்டல் சோதனையின் முடிவு ஓடியோகிராம் என்ற வரைபடமாகத் தரப்படும். அதில் சிவப்பு வட்டங்கள் வலது காதையும், நீலப் பெருக்கற்குறிகள் இடது காதையும் குறிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபல் முதல் 50 வரை மிதமான குறைபாடு. 50 முதல் 65 வரை மிதமானதற்கும் கடுமையானதற்கும் இடைப்பட்டது. 65 முதல் 80 வரை கடுமையானது. 80 முதல் 95 வரை மிகக் கடுமையானது. 95 ஐத் தாண்டினால் முழுமையான இழப்பு. உங்கள் காதுக்குரிய எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் சத்தமாகப் பேசினாற் கேட்கும்தானே" என்று கூறுபவருக்கு அந்த எண்ணே மறுமொழி. அந்தக் கிளினிக் நாளுக்கே உரைபெயர்ப்பாளர் தேவைப்படலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். காது சோதிக்கும் இடத்தில் உள்ளவர்களுக்குச் சைகை மொழி தெரிந்திருக்கும் என்று பலர் நம்பிப் போகிறார்கள். அவர்களுடைய பயிற்சி அதற்கானது அன்று.

அடுத்ததாகக் கிராம அலுவலரிடம் வதிவிடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்துக்குச் செல்ல வேண்டும். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அங்கு நீங்கள் தேட வேண்டியவர் சமூக சேவை உத்தியோகத்தர். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் மாதாந்த உதவிப்பணம், கேட்கும் கருவி, சுயதொழில் உதவி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும், வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் உதவிகளுக்கான விண்ணப்பங்களும் அவர் கைவழியாகவே போகின்றன. அவருடைய பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பெயரோடு, "சைகை மொழி உரைபெயர்ப்பாளர் தேவை" அல்லது "எழுத்து மூலம் தொடர்பு கொள்ளவும்" என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வரியை எழுதுவிக்க நம்மிற் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். அது இல்லாவிட்டால், உதவிப்பணத்துக்குத் தெரிவாகிவிட்டீர்கள் என்ற செய்தியைக்கூட அலுவலகம் தொலைபேசியில் அழைத்தே சொல்ல முயலும்.

உரைபெயர்ப்பாளரைத் தேடுதல்

சைகை தெரிந்தவர் எல்லாரும் உரைபெயர்ப்பாளர் அல்லர். ஆசிரியர், அக்கா, அயலவர், நண்பர் என்று சைகை தெரிந்த பலர் இருப்பார்கள். உரைபெயர்ப்பாளர் என்பவர் இரு பக்கமும் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மாற்றித் தருபவர். கேட்டதை வெளியே சொல்லாதவர். தம்முடைய கருத்தை இடையிற் செருகாதவர். நான் தம்பிக்கு உரைபெயர்த்த காலத்தில் இந்த மூன்றையும் மீறியிருக்கிறேன். வைத்தியர் ஐந்து வாக்கியம் சொல்வார், நான் "ஒன்றுமில்லையாம்" என்று காட்டுவேன். அவன் கவலைப்படக் கூடாது என்ற அன்பினாற் செய்தது. அவனுடைய உடலைப் பற்றிய செய்தியை அவனுக்குத் தெரியாமல் நான் வைத்திருந்தேன் என்பதுதான் அதன் பொருள்.

விசாரிக்க வேண்டிய இடங்கள் இவை. முதலாவது, மேலே சொன்ன சமூக சேவை உத்தியோகத்தர். இரண்டாவது, கைதடிப் பாடசாலைச் சமூகம்: அங்கு கற்பித்தவர்களும் கற்றவர்களும், யார் எந்த விடயத்துக்குப் பொருத்தமானவர் என்பதை எந்தப் பட்டியலையும் விடத் துல்லியமாக அறிவார்கள். மாகாண சபையின் கட்டடமும் கைதடியில்தான் இருக்கிறது. ஏ-9 வீதியில் ஒரே பயணத்தில் இரண்டு அலுவல்களையும் பார்த்துவிடலாம். மூன்றாவது, உங்கள் வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவு. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உண்டு. நான்காவதாகச் சொன்னாலும் என் அனுபவத்தில் முதன்மையானது, செவிப்புலனற்றோரின் சங்கங்களும் அவர்களுடைய வட்ஸ்அப் குழுக்களும். எந்த உரைபெயர்ப்பாளர் நம்பத்தகுந்தவர் என்பதை அவர்களே நன்கறிவார்கள்.

ஒருவரைக் கண்டுபிடித்ததும் சில விடயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே சைகை மொழி கற்றார் என்பது முதற் கேள்வி. இலங்கையில் சைகைகள் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். தெற்கிலே பயிற்சி பெற்றவர் சிங்களத்தோடு சேர்ந்து வளர்ந்த சைகைகளையும் எழுத்துகளையும் பயன்படுத்துவார். தொலைக்காட்சிச் செய்தியின் மூலையில் தோன்றும் உரைபெயர்ப்பாளரைப் பார்த்து நமது பெரியவர்கள் பாதிதான் விளங்குகிறது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். கொழும்பிலிருந்து ஒருவர் வருவதானால், முதல் நாளே காணொளி அழைப்பில் பத்து நிமிடம் இருவரும் உரையாடிப் பார்க்கட்டும். கட்டணமும் பயணச் செலவும் யாருடையவை என்பதையும் முன்னரே பேசி முடியுங்கள். அலுவலகம் அழைத்தால் அலுவலகமே கொடுக்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். இலவசமாக வரும்படி உரைபெயர்ப்பாளரை மன்றாடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அதனால்தான் திறமையானவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். மகப்பேற்றுக் கிளினிக், பிரசவ அறை, குடும்பப் பிணக்கு ஆகியவற்றுக்குப் பெண் உரைபெயர்ப்பாளரையே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடிதம்

சந்திப்புக்கு ஆகக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பலாம். நேரிற் கொடுப்பதாயின், பிரதியொன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"ஐயா/அம்மணி, எதிர்வரும் … ஆம் திகதி காலை … மணிக்குத் தங்கள் … பிரிவில் எனக்குச் சந்திப்பு வழங்கப்பட்டுள்ளது. நான் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர். எனது மொழி, கைதடியிற் கற்ற சைகை மொழி. அன்றைய கலந்துரையாடல் ஏறத்தாழ … மணித்தியாலம் நீடிக்கும் என எதிர்பார்க்கிறேன். அதற்குச் சைகை மொழியும் தமிழும் தெரிந்த உரைபெயர்ப்பாளர் ஒருவரைத் தங்கள் அலுவலகம் ஒழுங்கு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் குடும்பத்தினர் உரைபெயர்ப்பாளராகச் செயற்படமாட்டார்கள். பொருத்தமானவர்களின் விவரத்தை இத்துடன் இணைத்துள்ளேன். உரைபெயர்ப்பாளர் கிடைக்காவிடின், கிடைக்கும் நாளுக்குச் சந்திப்பை மாற்றித் தந்து, அதனால் எனது முறை பின்தள்ளப்படாது என்பதையும் உறுதிப்படுத்துவீர்கள் என நம்புகிறேன். பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பவும், அழைக்க வேண்டாம்."

குடும்பத்தினர் பற்றிய வாக்கியத்தைச் சிலர் கடுமையானது என்று நீக்கச் சொல்வார்கள். நீக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கடிதம் கோப்புக்குள் போகும்; "அக்காவைக் கூட்டிவரச் சொல்லுங்கோ" என்ற பதில் வெளியே வரும். பெயர்களை இணைப்பதும் முக்கியம். உத்தியோகத்தர் மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மனமின்மை அன்று, யாரை அழைப்பது என்று தெரியாமையே.

சந்திப்பு நாளில்

உரைபெயர்ப்பாளர் உத்தியோகத்தரின் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி, காது கேளாதவரை நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் இருவர் முகமும் ஒரே பார்வையில் விழும். அவர்கள் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்து, முகமும் கையும் நிழலாகத் தெரியும். கதிரையை மாற்றச் சொல்லுங்கள். உத்தியோகத்தர் காது கேளாதவரைப் பார்த்தே பேச வேண்டும். "அவரிடம் கேளுங்கள்" என்று உரைபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொல்லும்போது, எதிரே இருக்கும் வளர்ந்த மனிதர் ஒரு பொருளாகிவிடுகிறார். உரைபெயர்ப்பாளர் "எனக்கு நெஞ்சு நோகிறது" என்று சொன்னால், அது நோயாளியின் வாக்கு.

இலக்கங்கள், திகதிகள், மருந்தின் அளவு, ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றை உரைபெயர்ப்போடு நிறுத்தாமல் தாளிலும் எழுதி வாங்குங்கள். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தை முழுமையாக உரைபெயர்த்து முடியும்வரை கையொப்பமிட வேண்டாம். பேச்சு அரை மணித்தியாலத்துக்கு மேற்படுமானால் உரைபெயர்ப்பாளருக்கு ஓய்வு வேண்டும். நீண்ட விசாரணைக்கும் முழுநாட் செயலமர்வுக்கும் இருவர் வந்து, இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்வதே முறை. கை களைப்பதற்கு முன்பே மூளை களைத்துவிடும். களைத்தவர் விடுவது எந்த வாக்கியம் என்று எவருக்கும் தெரியாது.

பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும்

இங்கே நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வடக்கிலே நிர்வாக மொழி தமிழாக இருந்தாலும், முறைப்பாட்டை எழுதும் உத்தியோகத்தர் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருக்கலாம். அப்போது ஒரு வாக்கியம் சைகையிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து சிங்களத்துக்கும் இரண்டு தடவை கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று சிந்துகிறது. ஆகவே முறைப்பாடு தமிழிலேயே எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். எழுதியதை உரைபெயர்ப்பாளர் மீண்டும் சைகையிற் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். உரைபெயர்ப்பாளரின் பெயரையும் முறைப்பாட்டிற் பதியச் சொல்லுங்கள்.

முறைப்பாடு வீட்டாருக்கு எதிரானதாக இருக்கலாம் என்பதை எவரும் மறந்துவிடக் கூடாது. அடித்தவரே அருகில் நின்று அடிபட்டவருக்கு உரைபெயர்த்தால், அந்த முறைப்பாட்டில் என்ன இருக்கும்? காது கேளாத பெண்ணோ பிள்ளையோ வந்தால், கூட வந்தவரை வெளியே இருத்திவிட்டு, தொடர்பற்ற உரைபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருப்பதே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகம் செய்ய வேண்டியது. அயலவராக நீங்கள் கூடப் போனால் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

நீதிமன்றத்தில் நிலைமை சற்றுத் தெளிவானது. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 119 ஆம் பிரிவு, பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ விளங்கத்தக்க வேறு வழியாலோ சாட்சியம் அளிக்கலாம் என்றும், திறந்த நீதிமன்றத்தில் அவ்வாறு அளிப்பது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்றும் கூறுகிறது. அதாவது, தம்பியின் கை அசைவு சட்டத்தின் முன் என் குரலுக்குச் சமம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கான 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும், விசாரணை நடக்கும் மொழியை விளங்க அல்லது பேச இயலாத குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரைபெயர்ப்பாளரின் உதவியைப் பெறும் உரிமையைத் தருகிறது. முதலியார் என்று நாம் அழைக்கும் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் தமிழ், சிங்களம், ஆங்கிலத்துக்கானவர். சைகை மொழிக்கு வேறொருவர் அழைக்கப்பட வேண்டும். சட்டத்தரணி மூலம் முதல் தவணையிலேயே மன்றுக்கு அறிவியுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம்.

அவசர வேளை

1990 அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்தது. பொலிஸ் அவசர இலக்கம் 119. இரண்டையும் குரலால் அழைத்தே பழகியிருக்கிறோம். காது கேளாத இருவர் மட்டும் வாழும் வீட்டில் இரவு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், இந்த இலக்கங்கள் சுவரில் ஒட்டிய தாளாக மட்டுமே இருக்கும். ஆகவே ஏற்பாட்டை முன்பே செய்து வையுங்கள். மூன்று அயலவர்களோடு ஒரு வட்ஸ்அப் குழு அமைத்து, ஓர் அடையாளம் வந்தால் அம்புலன்ஸ், இன்னோர் அடையாளம் வந்தால் பொலிஸ் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் வழியையும் அக்குழுவிலேயே எழுதி வையுங்கள்: எந்தச் சந்தி, எந்தக் கோயிலடி, எத்தனையாவது ஒழுங்கை. மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அடையாள அட்டையோடு ஓர் அட்டையையும் வைத்திருங்கள்: "எனக்குக் காது கேளாது. என் முகத்தைப் பார்த்துப் பேசவும், எழுதிக் காட்டவும். எனக்கு இந்த மருந்து ஒவ்வாது. இந்த இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும்." அதன் பின்பக்கத்தில் இதையே சிங்களத்தில் எழுதுவியுங்கள். இரவுச் சோதனையில் நிறுத்தப்படும் இளைஞனுக்கு அந்தப் பின்பக்கமே பேச்சு.

எழுத்தாக்கும் செயலியும் கேட்கும் கருவியும்

சைகை தெரியாத பெரியவர்களுக்குக் கைப்பேசி இன்று பெரிய துணை. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி 2019 இல் வந்தது. தமிழைத் தெரிவு செய்து மேசையில் வைத்தால், பேசுவது எழுத்தாக ஓடும். அது யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அடிக்கடி பிழையாகப் பிடிக்கும் என்பது என் அனுபவம். "வாறன்", "போட்டு வாங்கோ" என்றால் திகைக்கும்; வானொலிச் செய்தி வாசிப்பதுபோல நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதும். இணைய வசதி இருக்க வேண்டும், மின்விசிறிச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் பேச வேண்டும். சாதாரண அலுவல்களுக்கு இது போதும். சத்திரசிகிச்சை, வழக்கு, காணி, கடன் ஆகியவற்றுக்கு மனிதரே வேண்டும்.

கேட்கும் கருவி கிடைத்தவர்கள் நம் வெக்கையை மனதில் வைக்க வேண்டும். வியர்வையும் ஈரக்காற்றுமே இங்கு கருவியைக் கொல்பவை. இரவில் கழற்றி, பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பற்றரியின் ஒட்டுத்தாள் நிறமே அதன் இலக்கத்தைச் சொல்லும்: மஞ்சள் 10, மண்ணிறம் 312, செம்மஞ்சள் 13, நீலம் 675. ஒட்டுத்தாளை உரித்ததும் சில நிமிடம் காற்றுப் பட வைத்த பின்னரே போடுங்கள். அந்தப் பற்றரி காற்றால் இயங்குவது. சிறுபிள்ளைகள் விழுங்கினால் பேராபத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கைக்குழந்தை உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குள் கேட்டல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. குழந்தை திடுக்கிடவில்லை, குரலுக்குத் திரும்பவில்லை என்று தோன்றினால் அடுத்த கிளினிக் நாளிலேயே குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று வீட்டிலே சொல்லப்படும் ஆறுதல், பல பிள்ளைகளின் மொழி வளரும் ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது. நத்தைச் சுருளுக்குள் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர் பேசினால் நன்றாகக் கேட்டு முடிவெடுங்கள்; எந்த முடிவானாலும் சைகை மொழியையும் கூடவே கற்பியுங்கள். ஒரு பிள்ளைக்கு மொழி கூடுவதால் இழப்பு ஒன்றும் இல்லை.

மறுக்கப்பட்டால்

ஒவ்வொரு அலுவலகத்திலும் உரைபெயர்ப்பாளரை வைத்திருக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் சட்டப் பிரிவை நம்பிக்கொண்டு போகாதீர்கள். நம் கையில் இருப்பவை வேறு. அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கும் கல்விக்கும் சேர்ப்பதிற் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சமவாயம், அதன் 9 ஆவது உறுப்புரையிற் சைகை மொழி உரைபெயர்ப்பாளரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 21 ஆவது உறுப்புரை அலுவல்களிற் சைகை மொழியை ஏற்கச் சொல்கிறது. இந்த மூன்றையும் கடிதத்தின் அடியில் ஒரே வரியிற் குறிப்பிட்டாற் போதும்.

வாய்மொழி மறுப்பை ஏற்காமல், எழுத்திற் காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் மூன்று கேள்விகளைக் கொடுங்கள்: காது கேளாதோருக்கு உரைபெயர்ப்பாளரை அழைக்க என்ன நடைமுறை உள்ளது, அதற்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா, எனது கடிதத்துக்கு என்ன நடந்தது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க அவர் கடமைப்பட்டவர். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் அதை எழுத்தில் இட்டுக்கொள்வது அவருடைய பொறுப்பு. பல இடங்களில், இந்தக் கேள்வித் தாள் போனதுமே உரைபெயர்ப்பாளர் கிடைத்துவிடுவார்.

அதற்கும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே காலம் முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கிற் சேர்வதில்லை. ஆகவே சம்பவம் நடந்த திகதியை அன்றே எழுதி வையுங்கள். முத்திரையிட்ட கடிதப் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, அலுவலகம் அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருங்கள். ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யப் போகும் நாளுக்கும் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை முதலிலேயே அவர்களுக்கு எழுதி அறிவியுங்கள்.